கோப்பை கழுவத் தெரியாத கதைகள்

சென்ற வருடம் பாரிஸின் புறநகரொன்றில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் நாங்கள் நான்கு பேர் கடைசி வரிசையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. நால்வருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான். அதைக் கொண்டுபோய் இலக்கியத்துக்குக் கொடுத்தோம். ஒரு சிறுகதை வாசிக்கப்பட்டது. ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞன் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறான். முதல் நாள் இரவு. மலைபோல் எச்சிற் கோப்பைகள். தொட்டித் தண்ணீரில் அம்மாவின் முகம் தெரிகிறது. கண்ணீர்த் துளியொன்று தொட்டிக்குள் விழுகிறது. வெளியே பனி கொட்டுகிறது. கதை முடிந்தது. மண்டபம் கைதட்டியது. நாங்கள் சிரித்துவிட்டோம்.

சிரித்தது பிழைதான். முன்வரிசையிலிருந்த ஒருவர் திரும்பி, 'பட்டவனுக்குத்தான் தம்பி வலி தெரியும்' என்று கடிந்துகொண்டார். நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏன் சிரித்தோம் என்பதை அன்று எங்களால் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறோம். கதையின் பெயரையும் எழுதியவர் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். இது ஒருவருடைய கதையல்ல. 2009க்குப் பிறகு வந்தவர்களாகிய நாங்கள், எங்களுக்கு முன் வந்தவர்கள் நடத்திய சஞ்சிகைகளை நூலகம் இணையத்தளத்தில் கைத்தொலைபேசியில் வாசித்து வளர்ந்தவர்கள். 'தூண்டில்', 'சுவடுகள்', 'எக்ஸில்', 'உயிர்நிழல்' என்று கிடைத்த இதழ்களையெல்லாம் வாசித்தோம். அந்தத் தொட்டியும் அந்தக் கண்ணீரும் வேறு வேறு பெயர்களில் எத்தனையோ தடவை எதிர்ப்பட்டிருக்கின்றன.

முதலில் தொழில் பற்றிய விடயம். இன்றைய பாரிஸ் உணவகத்தில் கோப்பையைக் கை கழுவுவதில்லை, மெசின் கழுவுகிறது. எச்சத்தை வாளிக்குள் தட்டி, மேலே தொங்கும் குழாயால் தண்ணீர் அடித்து, தட்டத்தில் நிரைக்கு அடுக்கி, உள்ளே தள்ளி மூடியை இழுத்து விட்டால் இரண்டொரு நிமிடத்தில் ஆவி பறக்க வெளியே வரும். அந்தச் சூட்டில் கோப்பை தானாகவே காய்ந்துவிடும். அம்மாவின் முகம் தெரிவதற்கு அங்கே நின்ற தண்ணீர் கிடையாது. கையால் தேய்ப்பது சட்டிகளைத்தான். அடிப்பிடித்த சோஸ் சட்டி, வெண்ணெய் கருகிய தாச்சி, உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்து ஓரத்தில் இறுகிப்போன அடுப்புத் தட்டு. அதிலும் கை நோவதை விடக் கால் நோவதுதான் அதிகம். ஈரத் தரையில் பத்து மணித்தியாலம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் தோற்பது கால், அடுத்தது நாரி. கண் கடைசியில்தான். பனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாரிஸில் பனி கொட்டும் நாட்களை விரல் விட்டு எண்ணலாம். எங்கள் கதைகளில் மட்டும் அது ஆடியிலும் கொட்டும்.

இதெல்லாம் சில்லறை விடயம், இலக்கியத்துக்கு உணர்வுதான் முக்கியம் என்று விமர்சக நண்பர்கள் சொல்லக்கூடும். சரி, உணர்வுக்கே வருவோம். அந்த இளைஞன் ஏன் அழுகிறான்? கதை சொல்லும் காரணம் எச்சில். 'மற்றவன் தின்ற கோப்பை' என்ற சொற்கள் மூன்று இடங்களில் வந்தன. ஊரில் தன் வீட்டுக் கோப்பையைக்கூடக் கழுவியறியாதவன் இன்று வெள்ளைக்காரனின் எச்சிலைக் கழுவுகிறானே என்பதுதான் துயரம்.

அந்தக் கண்ணீருக்குச் சாதி உண்டு என்று நாங்கள் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் கோப்பைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தேநீர்க் கடைக்குள் நுழைய விடாமல், வாசலில் நிறுத்தி, போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர் ஊற்றிக் கொடுக்கப்பட்ட சனங்கள் இருந்தார்கள். குடித்த பேணியைத் தாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களில் அடிபட்டதும் உயிர் விட்டதும் இந்தக் கோப்பைக்காகத்தான். அந்தச் சனங்களின் பேரப்பிள்ளைகளும் பாரிஸுக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் நால்வரில் ஒருவன் அவர்களில் ஒருவன். அவனுடைய அப்பப்பாவுக்குக் கிளாஸ் கொடுக்க மறுத்த ஊரிலிருந்து வந்தவர்களோடு, ஒரே மெசினின் இரு பக்கமும் நின்று, ஒரே சம்பளத்துக்கு அவன் கோப்பை அடுக்கியிருக்கிறான். அவனுக்கு அழுகை வரவில்லையாம். 'எனக்கு முதல் நாள் சந்தோசமாத்தான் இருந்தது. ஒருத்தரும் ஊர் எது எண்டு கேக்கேல்லை' என்றான். பிறகு ஒரு மாதத்தில் தமிழ் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், கேட்டார்கள் என்பது வேறு கதை. அந்தக் கதையைத்தான் நாங்கள் வாசிக்க விரும்புகிறோம். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. அந்த வழியில் வந்த இலக்கியம் கடல் கடந்ததும், எச்சில் கழுவுவது இழிவு என்ற எண்ணத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் தூக்கி வந்துவிட்டது.

இழிவு என்று முடிவுகட்டிய பின் அந்த வேலையைப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமற் போய்விடுகிறது. எங்கள் கதைகளில் சமையலறை வெறும் நரகம். நரகத்தில் விபரம் எதற்கு? ஆனால் இந்த நாட்டில் நாங்கள் குடியேறியது அந்த அறைக்குள்தான். விமான நிலையத்திலோ, அகதி அலுவலகத்திலோ, மொழி வகுப்பிலோ அல்ல. யாழ்ப்பாணத்தவர் சமையலறையைக் குசினி என்போம். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் அது. இங்கே வந்த முதல் வாரம் 'கியூசின்' என்ற சொல் காதில் விழுந்தபோது, ஒரு சொல்லாவது தெரிந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது. அடுத்து வந்தது 'ஷோ'. கொதிக்கும் சட்டியோடு பின்னால் வருபவன் கத்தும் சொல், சூடு என்று அர்த்தம். இலக்கணம் படித்தா விலகினோம்? முதுகு படித்துக்கொண்டது. மாலி நாட்டு வயோதிபர் ஒருவர், எங்களில் ஒருவனுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். விரல் நுனிகளை மடித்து வைத்து வெங்காயம் வெட்டும் முறை. அவரைத் 'தொந்தோன்' என்று அழைத்தோம், எங்கள் மாமா என்பதைப்போல. அவரிடம் பிரெஞ்சோடு கொஞ்சம் பம்பராவும் ஒட்டிக்கொண்டது. எங்கள் புனைகதைகளில் மாலிக்காரர் ஒருவர் பெயரோடு வந்ததாக ஞாபகம் இல்லை. 'கறுவல்' என்று வந்திருக்கிறார்.

இன்னொருவரையும் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். பாரிஸின் வெங்காய சூப்பையும், வாத்துக் கொன்பியையும், கிரெம் புறூலேயையும் எத்தனையோ உணவகங்களில் செய்பவர் இன்று ஒரு யாழ்ப்பாணத் தமிழர். கோப்பையில் தொடங்கி, சலாட்டுக்கு ஏறி, இனிப்புக்கு ஏறி, அடுப்படிக்கு வந்தவர். மாட்டிறைச்சி தின்னாத ஒருவர் மாட்டிறைச்சிச் சோஸுக்கு உப்புப் பார்க்கிறார். கரண்டி நுனியை நாக்கில் வைக்கிறார், ஒரு கணம் யோசிக்கிறார், துப்புகிறார், உப்புப் போடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். அந்த ஒரு கணத்து யோசனையை எழுதிய தமிழ்க் கதை ஒன்றையும் நாங்கள் கண்டதில்லை. அதில் அவமானமும் இருக்கிறது, கெட்டித்தனமும் இருக்கிறது, கொஞ்சம் பகிடியும் இருக்கிறது. அம்மாவின் முகம் தெரியும் தொட்டியை விட எவ்வளவோ ஆழமான தண்ணீர் அது.

சமையலறையின் ஒழுங்குமுறை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இங்கே சமையற்காரர் கூட்டத்தைப் 'பிரிகேட்' என்பார்கள், இராணுவச் சொல். நவீன பிரெஞ்சுச் சமையலறையை இப்படிப் பிரித்து அடுக்கியவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935). 1870 யுத்தத்தில் படையில் சமைத்தவர். செவ், அவருக்குக் கீழே இரண்டாமவர், பகுதிக்கொரு பொறுப்பாளர், உதவியாளர், கடைசியில் கோப்பைக்காரன். கட்டளை வந்தால் 'உய் செவ்' என்று உரத்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம். ஒன்றுக்கு மேற்பட்ட படைகளிடமிருந்து தப்பி வந்த நாங்கள், நாளொன்றுக்கு இருநூறு தடவை ஆம் தலைவரே என்று கத்துகிறோம். இதைவிட ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஐரோப்பியர்கள் எழுதாமல் விடவில்லை. ஜோர்ஜ் ஓர்வெல் 1929 இல் பாரிஸ் ஹோட்டலொன்றின் நிலவறையில் கோப்பைக்காரனாக வேலை செய்தார். 1933 இல் அவருடைய முதல் நூலாக அது வெளிவந்தது. அதை வாசித்தபோது நாங்கள் சிரிக்கவில்லை. ஊத்தைச் சமையலறைக்கும் மினுங்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலுள்ள கதவைத் தாண்டும்போது பரிமாறுபவனின் தோளும் நடையும் மாறுவதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கதவும் அந்த நடையும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. ஆயினும் ஓர்வெலிடமும் எங்களுக்குச் சண்டை உண்டு. கோப்பைக்காரனுக்குச் சிந்திக்க நேரமில்லை, சிந்தித்திருந்தால் எப்போதோ சங்கம் அமைத்திருப்பான் என்ற தொனியில் எழுதுகிறார். 2008 பெப்ரவரியில் பாரிஸில் உணவகமொன்றின் விசா இல்லாத சமையலறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து விசா வாங்கினார்கள். ஏப்ரலில் அது பல வேலைத்தலங்களுக்குப் பரவியது. 2009 ஒக்ரோபரில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். சிந்திக்க நேரம் கிடைத்திருக்கிறது. முன்னணியில் நின்றவர்களில் பலர் ஆபிரிக்கர். தமிழர் எத்தனை பேர் நின்றார்கள், ஏன் ஒதுங்கினார்கள் என்பதை எங்கள் இலக்கியம் விசாரிக்கவில்லை.

ஓர்வெலைப் பற்றி இன்னொரு செய்தி. அவர் பசி கிடந்த அதே பாரிஸில் அவருடைய மாமி ஒருவர் வசித்துவந்தார். புத்தகத்தில் அந்த மாமி இல்லை. அவர் வாசகருக்கு மாமியை மறைத்தார். நாங்கள் மாமிக்குச் சமையலறையை மறைக்கிறோம். ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் 'ஹோட்டலிலை வேலை' என்போம். என்ன ஹோட்டல், ஹோட்டலில் என்ன வேலை என்று அம்மாவும் கேட்கமாட்டா. கேட்கவேண்டாம் என்பது இரு பக்கமும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை நம்பி மாமியின் மகன் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டுகிறான். வந்து மூன்றாம் நாள் எங்களைப் பார்க்கும் அவனுடைய பார்வை இருக்கிறதே! பொய் சொன்னது நாங்கள். ஆனால் உண்மையைச் சொல்வதற்கு ஒரு மொழியை எங்கள் இலக்கியம் செய்து தந்திருந்தால், கோப்பை என்பதற்கும் மனேச்சர் என்பதற்கும் இடையில் சொல்வதற்குச் சில சொற்கள் இருந்திருக்கும்.

2015 இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ஜாக் ஒடியாரின் 'தீபன்' படத்தை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். 'கொரில்லா' எழுதிய ஷோபாசக்தி தீபனாக நடித்தார். பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் தீபனுக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது. கடிதங்களைப் பிரித்துப் போடுகிறான், படிக்கட்டைத் துடைக்கிறான், பழுதானதைத் திருத்துகிறான். யாழினி ஒரு நோயாளி வயோதிபருக்குச் சமைக்கப் போகிறாள். தெரியாத வீட்டில், தெரியாத அடுப்பில், அவருக்குப் பிடிக்குமோ என்று தெரியாமல். இந்தப் பகுதிகள் உயிரோடு இருக்கின்றன. ஒரு மனிதன் ஒரு இடத்துக்கு எப்படி உரியவனாகிறான் என்பதை ஒரு விளக்குமாறு காட்டிவிடுகிறது. பிறகு என்ன நடக்கிறது? படம் பொறுமை இழந்து, தீபனின் கையில் மறுபடி ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறது. முன்னாள் போராளி என்றால் கடைசியில் சண்டைக்காரன்தான். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே வயதாகும் தமிழனைக் கற்பனை செய்ய அந்தப் பெரிய இயக்குநராலும் முடியவில்லை. எங்கள் எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்வது அநியாயம் என்பதற்காக இதையும் எழுதிவைக்கிறோம்.

யுத்தம்தான் கதை, வேலை கதையல்ல என்று எங்களுக்குப் பழக்கியது யார்? இதில் அகதி அலுவலகத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறோம். இங்கே வந்ததும் எங்களிடம் கேட்கப்படும் முதலாவது எழுத்து, தஞ்சக் கோரிக்கைக்கான கதை. படிவம் கையில் கிடைத்து 21 நாட்களுக்குள், பிரெஞ்சில். ஏன் ஓடினாய், யார் அடித்தது, எத்தனையாம் திகதி. முதல் ஆறு மாதம் வேலை செய்யவும் அனுமதியில்லை. ஆக, சட்டத்தின் கண்ணில் முதலில் நாங்கள் ஒரு கதை மட்டும்தான். 'கொரில்லா' நாவலே (2001) ஒரு தஞ்ச விண்ணப்பத்திலிருந்து தொடங்குவது தற்செயல் அல்ல. 2024 இல் வந்த போறிஸ் லொஷ்கினின் 'சுலைமானின் கதை' படத்திலும் இதுதான் மையம். சைக்கிளில் சாப்பாடு விநியோகிக்கும் கினி நாட்டு இளைஞன், அலுவலகத்தில் சொல்வதற்காக இன்னொருவன் தயாரித்துக் கொடுத்த கதையை மிதித்துக்கொண்டே பாடமாக்குகிறான். அந்தப் படம் முழுக்க வேலை. ஓடர், படிக்கட்டு, இரவல் கணக்கு, கடைசிப் பேருந்து. கதை கேட்கும் அதிகாரிக்குத் தெரியாத அந்த இரண்டு நாட்களை எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் நேர்முகத்துக்கே கொண்டுபோகிறது. அதில் நடித்த அபு சங்காரேக்கு விருதுகள் கிடைத்தபோதும் விசா இருக்கவில்லை. 2025 தொடக்கத்தில் மெக்கானிக் வேலையின் பேரில் ஒரு வருட விசா கிடைத்தது.

வேலையின் பேரில்! இதுதான் எங்கள் விடயம். கதை நிராகரிக்கப்பட்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். எங்களில் ஒருவனுக்கு இரண்டு தடவை நிராகரிப்பு. அவன் இனி இந்த நாட்டில் இருப்பதென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்ற படிப்போ, முதுகிலுள்ள தழும்போ உதவாது. சம்பளச் சீட்டுத்தான் உதவும். 2024 ஜனவரிச் சட்டத்தின்படி, ஆள் தட்டுப்பாடான தொழிலில் கடந்த 24 மாதங்களில் 12 மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும், மூன்று வருடம் இங்கே இருந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகும் முடிவு பிரெஃபெக்டின் கையில். அவன் இரண்டு வருடம் நின்ற இடம் ஒரு தமிழ் முதலாளியின் உணவகம். சீட்டில் வாரம் இருபது மணித்தியாலம், தரையில் அறுபது. மிச்சம் கையில், அதுவும் சில மாதம் இல்லை. கேட்டால், 'உனக்கு விசா இல்லாத நேரம் வேலை தந்தது ஆர்?' முதலாளி கோயில் திருவிழாவுக்கும் கலைவிழாவுக்கும் விளம்பரம் கொடுப்பவர். எங்கள் சஞ்சிகைகளின் பின்னட்டைகளிலும் இப்படிப்பட்டவர்களின் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறோம். கண்ணீர் ஏன் எப்போதும் வெள்ளைக்காரனின் தொட்டிக்குள்ளேயே விழுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று சந்தேகப்படுகிறோம்.

ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டோம். பொ. கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் இரவுகள்' ஒரு டாக்சிச் சாரதியின் கண்ணால் அந்த நகரத்தைப் பார்த்தது. ஏறி இறங்குபவர்கள் எல்லாம் மனிதர்களாக வந்தார்கள். ஜீவமுரளியின் 'லெனின் சின்னத்தம்பி' ஜேர்மனிய உணவகமொன்றின் வேலையாளை நாவலின் நாயகனாகவே வைத்தது. அதை வாசித்தபோது யாரோ எங்கள் ஏப்ரனை எடுத்துக் கொழுவிப் பார்த்ததுபோல இருந்தது. இவை விதிவிலக்குகள். பெண்களின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். ஹோட்டல் அறை துப்புரவாக்கப் போகும் எங்கள் அக்காமார் கதைகளில் வீட்டில் காத்திருப்பவர்களாகவே வருகிறார்கள்.

எப்போது எழுதுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உணவக வேலையில் மத்தியானச் சேவைக்கும் இரவுச் சேவைக்கும் இடையில் ஒரு இடைவெளி உண்டு. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை. சம்பளமில்லாத மூன்று மணித்தியாலம். புறநகரில் இருப்பவனுக்கு வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. லாச்சப்பலில் தேநீர்க் கடை, பூங்கா வாங்கு, குளிரென்றால் பொம்பிடு நிலையத்தின் நூல்நிலையம். அட்டை கேட்கமாட்டார்கள், காசு கேட்கமாட்டார்கள். மொழி படிக்கும் இயந்திரங்களும் அங்கே இருந்தன. 2025 இல் திருத்த வேலைக்காக அந்தக் கட்டடத்தை மூடும்வரை எங்களுக்குப் பல்கலைக்கழகம் அதுதான். ஓர்வெலைப் படித்ததும் பழைய 'தூண்டில்' படித்ததும் அந்த மூன்று மணித்தியாலங்களில். பாதி நேரம் நித்திரை கொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அன்றைய கூட்டத்துக்குத் திரும்பவும் வருகிறோம், ஒரு கடன் இருக்கிறது. இடைவேளையில் கதையை எழுதியவரே வெளியே வந்து எங்களிடம் நெருப்பெட்டி கேட்டார். அறுபது கடந்தவர். நாங்கள் சிரித்தது அவருக்குத் தெரியும். மெசின் விடயத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை.

'தம்பியவை, நான் 87இலை கழுவின இடத்திலை மெசின் இல்லை. நிலவறை. ரெண்டு தொட்டி. கையாலைதான்.'

எங்களுக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. பட்டவருக்குத்தான் தெரியும் என்று முன்வரிசைக்காரர் சொன்னது இவரைப் பற்றித்தான். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருவன் கேட்டான்: 'அப்ப தொட்டிக்குள்ளை அம்மான்ரை முகம் தெரிஞ்சதோ அண்ணை?'

அவர் யோசித்தார். இல்லையாம். தண்ணீர் எப்போதும் கலங்கல். எண்ணெய் மிதக்கும். பக்கத்துத் தொட்டியில் ஒரு போர்த்துக்கீசப் பெண் நின்றாவாம். இவருடைய கைத்தோல் உரிந்து இரத்தம் கசிந்ததைக் கண்டு, செவ் மேலே போன நேரம் பார்த்து ஒரு கரண்டி ஒலிவ் எண்ணெய் எடுத்து வந்து, முழங்கை வரை பூசி, பாண் சுற்றிவந்த கடதாசியால் சுற்றிவிட்டாவாம். எண்ணெய் குறைந்ததைக் கண்டுபிடித்து அவவின் சம்பளத்தில் வெட்டினார்களாம். பெயர் ஞாபகமில்லை, பெரிய குரலில் பாடுவா என்றார்.

'அதை எழுதுங்கோ அண்ணை' என்றோம்.

'அதிலை என்ன தம்பி கதை இருக்கு?' என்று கேட்டார்.